காதோரத்து வெள்ளி

எங்கள் ஊர்ப் பக்கம் யாராவது இறந்துவிட்டால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு பேரைத் தேடி ஆள் போகும். ஒருவர் பந்தல்காரர். இன்னொருவர் நான். திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் டிசைன் செய்வது என் வேலை. காலண்டர், கல்யாணப் பத்திரிகை, வெடிப் பெட்டிக்கு லேபிள் என்று எல்லாம் செய்வேன். ஆனால் ஊருக்கு என்னைத் தெரிவது கண்ணீர் அஞ்சலி போஸ்டரால்தான். இறந்தவரின் போட்டோவைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்து, "கொஞ்சம் நல்லாப் பண்ணிக் குடுங்கக்கா" என்பார்கள்.

அந்த 'நல்லா'வுக்கு என்ன அர்த்தம் என்பது எனக்கு அத்துப்படி. ஒட்டிய கன்னத்தை நிரப்ப வேண்டும். விழுந்த பல்லைக் கட்ட வேண்டும். கசங்கின சட்டையைக் கழற்றிவிட்டு வெள்ளைச் சட்டை மாட்ட வேண்டும். வாழ்நாளில் கோட்டைத் தொட்டுக்கூடப் பார்க்காத ஓர் ஆட்டுக்காரருக்கு நீலக் கோட்டு போட்டு அனுப்பிவைத்திருக்கிறேன். அவர் மனைவி அந்த அழுகைக்கு நடுவிலும், "மாப்பிள்ள மாதிரி இருக்காக" என்று வெட்கப்பட்டார். ஒருமுறை கல்யாண வீட்டு குரூப் போட்டோவிலிருந்து ஒருவரை வெட்டி எடுத்தபோது, அவர் தோளில் கிடந்த பக்கத்து ஆளின் கையை எடுக்க மறந்துவிட்டேன். போஸ்டர் ஒட்டின மறுநாள் அந்தக் கைக்காரர் அச்சகத்துக்கே வந்துவிட்டார். "நான் உசுரோட இருக்கயில என் கைய மட்டும் அவன்கூட எதுக்கு அனுப்புனீக?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக இப்படி ஊரார் முகங்களைத் துடைத்துத் துடைத்துப் பழகிய கைதான் என் தம்பியின் முகத்தையும் துடைத்தது.

தம்பி என்னைவிட நான்கு வயது சிறியவன். வெம்பக்கோட்டை ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மருந்து நிரப்புகிற வேலை பார்த்தான். அந்த மருந்தில் அலுமினியப் பொடி உண்டு. மாவை விட மெல்லிசு, காற்றில் எழும்பி ஆள் மேல் படிந்துவிடும். சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து இறங்குகிறபோது அவன் முகம், கழுத்து, முழங்கை எல்லாம் வெள்ளி பூசினாற்போல மினுங்கும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் கண் ஓரத்திலும் நகக்கண்ணிலும் கொஞ்சம் தங்கும்.

எனக்கு அது பிடிக்காது. எங்கள் அப்பாவும் அம்மாவும் பிறத்தியார் காட்டில் கூலிக்குக் களை வெட்டி, மழை பொய்த்த பிறகு தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சியில் மருந்து முக்கப் போனவர்கள். நான் பிளஸ் டூ முடித்து டைப்பிங் பழகி, ஃபேன் ஓடுகிற அறையில் நாற்காலியில் உட்கார்ந்த அன்று, எங்கள் வீட்டை விட்டு மருந்து வாசம் போய்விட்டது என்று நினைத்தேன். இவன் அதை மறுபடியும் வீட்டுக்குள் கொண்டுவந்தான். அச்சகத்திலேயே வேலை வாங்கித் தருகிறேன் என்று எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன். "அங்கன ஃபேன் காத்துல உக்காந்தா எனக்குத் தூக்கம் வந்துரும்க்கா" என்பான். அவன் சிரித்தால் சண்டையைத் தொடர முடியாது. அதுவும் எனக்குப் பிடிக்காது.

வேன் நிற்கிற இடம் எங்கள் அச்சகத்துக்கு நேர் எதிரே. இறங்கினதும் என்னை எட்டிப் பார்க்காமல் போக மாட்டான். நான் வாசலிலேயே நிறுத்திவிடுவேன். "ஏலே, உள்ள வராத. கதவத் தொடாத. தாள்ல பட்டா கறையாயிரும்" என்று விரட்டுவேன். அவனும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, எதன் மேலும் உரசாமல் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவான். தாள் கறையாகும் என்பது பாதி உண்மை. மீதிப் பாதியை அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டதில்லை.

போன ஆடி மாதம் ஒரு நாள் சாயங்காலம் வேனிலிருந்து இறங்கி, எதிர்க் கடையில் டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நெஞ்சைப் பிடித்தான். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. நாற்பத்தொரு வயது. சேதி சொல்ல வெளியூர்க்காரர்களுக்குப் போன் போட்டால், எடுத்த எடுப்பில் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "எந்தக் கம்பெனியில வெடிச்சது?" இரண்டு பேருக்குப் பொறுமையாகப் பதில் சொன்னேன். மூன்றாமவரிடம், "மாரடைப்பு. எங்க ஊர்க்காரனுக்கும் நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட்டு வைக்கப் பெரிய படம் வேண்டும். அதை நான்தான் செய்வேன் என்று சொன்னேன். என் துக்கத்தை நான் வேறு எப்படிக் காட்ட? வீட்டில் அவன் படங்கள் இருந்தன. எல்லாம் கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என்று குளித்துப் பவுடர் போட்டு விறைத்து நின்ற படங்கள். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் வேலை நாளில் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. என்னிடம் மட்டும் ஒன்று இருந்தது. அவன் போவதற்கு ஒரு மாதம் முன்பு நான் புதுப் போன் வாங்கியிருந்தேன். அன்று சாத்தூர் சேவுப் பொட்டலத்தோடு அச்சக வாசலில் வந்து நின்றவனை, கேமரா எப்படி என்று பார்ப்பதற்காகவே ஒரு படம் எடுத்தேன். சாய்ந்த வெயில் முகத்தில் விழ, உதட்டைக் கோணிக்கொண்டு என்னைக் கேலி செய்கிற சிரிப்பு. அவனை அப்படியே உரித்து வைத்திருந்தது அந்த ஒரு படம்தான்.

கம்ப்யூட்டரில் அதைத் திறந்தேன். நெற்றியோரம், புருவம், கண் ஓரம், இரண்டு காதுகள், எல்லாவற்றிலும் வெள்ளி. நான் யோசிக்கவே இல்லை. கை தானாக வேலையைத் தொடங்கிவிட்டது. காதுகளில் ஆரம்பித்து ஒவ்வோர் இடமாகத் துடைத்தேன். சேவுப் பொட்டலத்தை வெட்டினேன். வெள்ளைச் சட்டை போட்டேன். அரை மணி நேரத்தில் என் தம்பி ஒரு பேங்க் ஆபீசர் மாதிரி ஆகிவிட்டான். அப்படி ஒரு நாள் அவனைப் பார்க்க வேண்டும் என்றுதானே இத்தனை வருஷமும் சண்டை போட்டேன். அழுதுகொண்டே, பழைய படத்தின் மேலேயே அதே பெயரில் சேவ் செய்து மூடினேன். ஒரிஜினலில் கை வைக்கக் கூடாது, நகல் எடுத்துத்தான் வேலை செய்ய வேண்டும் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. போனில் இருந்ததை, கம்ப்யூட்டருக்கு மாற்றின கையோடு அழித்துவிட்டிருந்தேன். வாடிக்கைக்காரர்கள் அனுப்புகிற படங்களால் போன் நிறைந்துவிடும் என்று பழக்கமே அப்படி.

பதினாறாம் நாள் படத்துக்கு மாலை போட்டு வைத்ததும், வந்தவர்கள் எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "தத்ரூபமா இருக்கான்" என்றார்கள். அவனுக்கு ஒரே மகள். அப்போதுதான் இரண்டாம் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளைப் பூப் போடச் சொன்னோம். அவள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, படத்துக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோனாள். ஒரு காதைப் பார்த்தாள். பிறகு மறு காதைப் பார்த்தாள். கண்ணாடியின் மேல் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு இறங்கி, பூவைத் தரையில் வைத்துவிட்டு, "இது எங்கப்பா இல்ல" என்றாள்.

பெரியவர்கள் உச்சுக் கொட்டினார்கள். யாரோ ஒரு பெரியம்மா அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். சின்னப் பிள்ளை, விவரம் தெரியாது, நாளாக நாளாகச் சரியாகிவிடும் என்றார்கள். சரியாகவில்லை. சாயங்காலம் அவள் அம்மா படத்துக்கு விளக்கு ஏற்றுகிற நேரம் பார்த்து அவள் பின்கட்டுக்குப் போய்விடுவாள். என் வீடு இரண்டு தெரு தள்ளித்தான் என்பதால் தினமும் வேலை முடிந்து போய்ப் பார்ப்பேன். பிடிவாதத்தில் அப்பனைக் கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேனே தவிர, என் வேலையில் ஏதோ கோளாறு இருக்கும் என்று தோன்றவே இல்லை. கோபம்கூட வந்தது. அவ்வளவு நன்றாகச் செய்திருந்தேனே!

புரட்டாசியில் ஒரு நாள் தம்பி மனைவி பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். இறப்புக்குப் பிறகு அவள் அழுது நான் பார்த்ததில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள், வேலையைச் செய்வாள், அவ்வளவுதான். அன்று துணியைப் பிழிந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"மைனி, பிள்ளைக்கு மறந்துக்கிட்டே வருது."

"என்னத்த?"

"அவுகள. நேத்து ராத்திரி கேக்கா, அப்பாவுக்கு எந்தக் காதும்மான்னு. எனக்குச் சொல்லத் தெரியல. நான் எந்நேரமும் அடுப்படியில நிப்பேன், பாத்ததில்லயே."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அவள் சொல்லித்தான் தெரிந்தது. தினமும் தம்பி வேலையிலிருந்து வந்து, பின்கட்டுத் தொட்டியில் தேய்த்துக் குளித்துவிட்டு மகளைக் கூப்பிடுவானாம். எங்காவது வெள்ளி மிச்சம் இருக்கிறதா என்று அவள் தேட வேண்டும். அவள் துவைக்கிற கல் மேல் ஏறி நின்றுகொண்டு, உட்கார்ந்திருக்கிற அப்பனின் தலைமுடி, புருவம், நகம் எல்லாம் பார்த்துக்கொண்டே வருவாள். கடைசியில் ஒரு காதுமடலின் கீழ் ஓரத்தில் ஒரு பொட்டு இருக்கும். "புடிச்சாச்சு!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்துவாள். மழையானாலும் காய்ச்சலானாலும் ஒரு நாள் தவறினதில்லையாம். அந்த ஒரு பொட்டை மட்டும் வேண்டுமென்றே கழுவாமல் விடுவானாம்.

"எனக்கு எப்படி இத்தன நாளும் தெரியாமப் போச்சு?" என்று கேட்டேன்.

அவள் துணியை உதறிக் கொடியில் போட்டாள். "ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதும்பாக. அக்காவுக்கு அது கண்ணுல காங்கக் கூடாது, தெரிஞ்சா ஏசுவா, அதான் காதுக்குக் கீழ ஒளிச்சு வச்சிருக்கேன்னு பிள்ளைகிட்டச் சொல்லுவாக."

அவள் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அதனால்தான் அவ்வளவு வலித்தது. வாசலில் கைகட்டி நின்றவனிடம் நான் சொல்லாமல் விட்ட மீதிப் பாதி அவனுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. என்னோடு வேலை செய்கிறவர்கள் முன்னால் அவன் மினுமினுப்போடு வந்து, "அக்கா" என்று கூப்பிடுவது எனக்கு வெட்கமாக இருந்தது. உயிரோடு இருந்தவரை அவனை வாசலில் நிறுத்தினேன். இறந்த பிறகு அவன் மகள் தேடுகிற இடத்தையும் துடைத்து வைத்துவிட்டேன். இதை எழுதுகிறபோதும் எனக்கு என் மேல் கோபம் வருகிறது.

மறுநாள் அச்சகத்துக்குப் போய் கம்ப்யூட்டர் முழுக்கத் தேடினேன். பழைய படம் எங்கும் இல்லை. போனைக் கடையில் கொடுத்துப் பார்த்தேன். அழித்தது அழித்ததுதான் என்றார்கள். சரி, துடைக்கத் தெரிந்தவளுக்கு வரையத் தெரியாதா என்று, கம்ப்யூட்டரிலேயே இரண்டு காதிலும் வெள்ளி வைத்து ஒரு பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். தம்பி மனைவி வாங்கிப் பார்த்துவிட்டு, "திருநீறு பூசுன மாதிரி இருக்கே மைனி" என்றாள். பிள்ளை ஒரு பார்வை பார்த்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். இன்னும் வெளுப்பாக ஒன்று, இன்னும் கறுப்பாக ஒன்று என்று நாலைந்து எடுத்தேன். எல்லாவற்றிலும் அவன் காதில் சாம்பல்தான் அப்பியிருந்தது.

எங்கள் மெஷின்காரர் குப்பைக் கூடையில் கிடந்த அந்தத் தாள்களைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "என்னக்கா, புதுசா வேலைக்கு வந்த ஆளு மாதிரிப் பண்ணிக்கிட்டு இருக்கீக? நாலு கலர்ல வெள்ளி எங்கிட்டு வரும்? அதுக்குத் தனி மையில்ல?"

தலையில் அடித்துக்கொண்டேன். கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயருக்கும் ஓரத்துப் பூக்களுக்கும் நாங்கள் ஓட்டுகிற வெள்ளி மை, டப்பாவில் தனியாக வருவது. அதை எந்தக் கலரைக் கலந்தும் உண்டாக்க முடியாது. எத்தனை ஆயிரம் பத்திரிகைக்கு, "இந்த இடத்துக்கு சில்வர்" என்று என் கையால் குறித்துக் கொடுத்திருப்பேன்.

தீபாவளிக்கு முந்தின நாள். கம்பெனிகளெல்லாம் சீசன் முடிந்து அடங்கிவிட்டன. எதிரே வேன் நிற்கிற இடம் காலியாகக் கிடந்தது. எங்களுக்கும் அரை நாள் லீவு விட்டார்கள். மெஷின்காரர் ஓர் ஆர்ட் பேப்பர் துண்டில் சுண்டைக்காய் அளவு வெள்ளி மையை எடுத்து வைத்து மடித்துக் கொடுத்தார். "இம்புட்டுப் போதுமாக்கா?" என்றார். போதும் என்றேன்.

இறப்பு விழுந்த வருஷம் என்பதால் தம்பி வீட்டில் தீபாவளி கிடையாது. பக்கத்து வீடுகளில் முறுக்குச் சுடுகிற வாசம் மட்டும் வந்துகொண்டிருந்தது. நான் சுவரிலிருந்து படத்தை இறக்கி, பின்பக்க ஆணிகளை நெம்பி, கண்ணாடியை எடுத்துவிட்டு, பாயில் வைத்தேன். பிள்ளை கதவோரம் நின்று பார்த்தாள். மைப் பொட்டலத்தைப் பிரித்ததும் கிட்டே வந்துவிட்டாள்.

"வெள்ளி!"

"ஆமா. அத்தைதான் அப்பா காதுலருந்து எடுத்துட்டேன். தெரியாமச் செஞ்சிட்டேன். நீயே திருப்பி வச்சிரு" என்றேன்.

அவள் ஆள்காட்டி விரல் நுனியால் மையைத் தொட்டாள். படத்தின் மேல் விரலைக் கொண்டுபோனாள். ஒரு காதுக்கு மேல் நிறுத்தினாள். பிறகு மறு காதுக்கு நகர்த்தினாள். விரல் அந்தரத்திலேயே நின்றது. கீழுதடு பிதுங்கத் தொடங்கியது.

"எந்தக் காதுன்னு எனக்குத் தெரியல அத்த."

ஏதாவது ஒன்றில் வை, எது என்று யாருக்குத் தெரியப்போகிறது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அச்சகத்தில் அப்படிச் சொல்லியே பழக்கம். நல்லவேளை, சொல்லவில்லை. அவளுக்குத் தெரியுமே!

"அப்பா எங்கன உக்காருவாக?" என்று கேட்டேன்.

என்னைப் பின்கட்டுக்கு இழுத்துப் போனாள். தண்ணீர்த் தொட்டிக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவில் ஓர் இடத்தைக் காட்டினாள். மூட்டு வலியோடு நான் அங்கே குத்த வைத்து உட்கார்ந்தேன். "அப்படி இல்ல, வாசலப் பாத்து" என்று தோளைப் பிடித்துத் திருப்பினாள். கல் மேல் ஏறி நின்றாள். "தலையக் குனிங்க" என்றாள். குனிந்தேன். அவள் மூச்சு என் தலைமுடியில் பட்டது. மையில்லாத கை என் உச்சியைத் தடவிக்கொண்டு வந்து, புருவத்தைத் தொட்டு, ஒரு நிமிஷம் நின்றது. தேடுகிறாள் என்று புரிந்தது. அப்புறம் அவளுடைய மறு கை, அவளைக் கேட்காமலே வந்தது போல, என் இடது காதுமடலின் கீழ் ஓரத்தைத் தொட்டது. மை குளிர்ந்தது.

"புடிச்சாச்சு!"

தெருவுக்கே கேட்கிற சத்தம். அடுப்படியிலிருந்து தம்பி மனைவி ஈரக் கையோடு ஓடி வந்தாள். மூன்று மாதமாக அந்த வீட்டில் கேட்காத சொல். கல் மேல் நிற்கிற மகளையும், தன் புருஷன் இடத்தில் குத்த வைத்திருக்கிற என்னையும், என் காதையும் பார்த்தாள். அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன். பிள்ளை மட்டும் அழவில்லை. அவளுக்கு வேலை இருந்தது. உள்ளே ஓடிப் போய், படத்தில் அப்பாவின் இடது காதில் ஒரு பொட்டு வைத்தாள்.

"கண் ஓரத்துல, நெத்தியில எல்லாம் இருந்துச்சே, அங்கனயும் வைக்கியா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் அப்பா கழுவிருவாக" என்றாள். "இது மட்டுந்தான் எனக்கு."

மை காய இரண்டு நாள் ஆகும் என்று படத்தைக் கண்ணாடி இல்லாமலே சுவரில் மாட்டினோம். அன்று சாயங்காலம் விளக்கு ஏற்றுகிறபோது அவள் பின்கட்டுக்குப் போகவில்லை. முக்காலியைப் போட்டு ஏறி நின்று, கிட்டே போய்ப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள்.

லீவு முடிந்து நான் அச்சகத்துக்குப் போனேன். வாசலில் நின்ற மெஷின்காரர் என்னைப் பார்த்ததும் தன் காதைத் தொட்டுக் காட்டி, "அக்கா, மை ஒட்டியிருக்கு. மண்ணெண்ணெய் தரவா, தொடச்சிருங்க" என்றார்.

"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன்.